திரையில் வராத கட்டம்

மூன்று வருடம் நான் சீனி கம்மியான டீ குடித்தேன். எனக்கோ டீ என்றால் சீனி தூக்கலாக இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மாடிப்படி முனையில் நின்று கீழே டீக்கடைக்குக் குரல் கொடுத்த அக்கா, "எனக்கு எப்பவும் போல, இந்தப் பிள்ளைக்குச் சீனி கம்மி" என்று சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாளே மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் நாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று வரும். பத்து நாள் ஆனபோது டீக்கடைக்காரர் என் தலையைப் பார்த்ததுமே சீனியைக் குறைக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அது என் டீ ஆகிவிட்டது.

எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்த, கீழே நூல்கடை வைத்திருந்தவரும் அக்கா என்பார். அவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களோடு தமிழில் பேசினாலும், தாளை எண்ணும்போது மட்டும் வாய்க்குள் ஒக்கட்டி, ரெண்டு, மூடு என்று ஓடும்.

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம், அந்த நூல்கடைக்கு மேலே, தொண்ணூறுகளின் பின்பாதியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டர் அது. மூன்று கம்ப்யூட்டர், கரகரவென்று சத்தம் போடும் ஒரு பிரிண்டர், ஒரு ஏசி. ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது, எங்களுக்காக அல்ல என்பதை முதலாளி மதுரையிலிருந்து வரும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். பள்ளிக்கூடம், மில், பண்டகசாலை, பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி என்று யார் யாரோ மூட்டை மூட்டையாகத் தாளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்கள் மூன்று பெண்கள் உட்கார்ந்து அதைத் தட்டுவோம். எந்தக் கட்டத்தில் பெயர் வரும், எந்தக் கட்டத்தில் தெரு வரும் என்கிற புரோகிராமை அக்கா எழுதுவாள்.

அக்காவின் குணத்தை ஒரு வரியில் சொல்லலாம். அவள் யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். தீபாவளிக்கு எங்கள் மூவருக்கும் சேலை எடுத்தாள், நிறம் கேட்கவில்லை. எனக்கு அரக்கு. நான் இரண்டு நாள் வராமல் இருந்து மூன்றாம் நாள் போனால், வருகைப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே 'காய்ச்சல்' என்று எழுதியிருப்பாள். ஒருமுறை நான் சும்மா சினிமாவுக்குப் போயிருந்தேன். காய்ச்சல் இல்லை என்று சொன்னால் சினிமாவைச் சொல்ல வேண்டிவரும். அதனால் ஒரு நாள் முழுக்க இருமிக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், பத்துக்கு எட்டு அவள் நினைத்தது சரியாக இருக்கும். அரக்கு எனக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அந்த எட்டுதான் அவளைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

புரோகிராமிலும் அப்படித்தான். தாளில் பதினைந்து கேள்வி இருந்தால் அக்காவின் திரையில் பத்துதான் வரும். மீதி எங்கே என்று கேட்டால், "அது உள்ள இருக்கு, நான் போட்டாச்சு" என்பாள். திரையில் காட்டாமல் மறைத்துவைத்த கட்டங்கள் அவை. ஒவ்வொரு ஆளைத் தட்டும்போதும், அந்த மறைந்த கட்டங்களில் அக்கா முன்கூட்டியே நினைத்துவைத்த பதில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்று இணையத்தில் படிவம் செய்கிறவர்களும் இதையே செய்கிறார்களாம். மறைத்த கட்டத்துக்கு ஒரு டீஃபால்ட், அதாவது முன்கூட்டிய பதில், வைக்காவிட்டால் படிவம் போய்ச் சேராது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவர்கள் எல்லோரும் அக்காவைப் போன்ற ஆட்கள்தானா, தெரியவில்லை.

ஒரு விதைக்கடையின் வாடிக்கையாளர் பட்டியலுக்கு 'ஊர்' என்ற கட்டத்தை மறைத்துவிட்டு, ராஜபாளையம் என்று வைத்துவிட்டாள். மம்சாபுரத்துக்காரர் ஒருவர் தன் பெயருக்கு வந்த கடிதத்தோடு மாடியேறி வந்தார். கதவில் எழுதியிருப்பதைப் படித்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "ஏம்மா, எங்க ஊரு எங்கம்மா போச்சு?" என்று கேட்டார்.

அக்கா தலையைத் தூக்காமல், "அண்ணாச்சி, விதை வாங்க இங்கதான வாரீக. கடுதாசியும் இங்கயே வந்தாத்தான் என்ன?" என்றாள்.

அவர் செத்த நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். பாதிப் படியில் என்ன தோன்றியதோ, திரும்ப ஏறி வந்தார். "சரின்னாலும் ஊரு ஊருதானம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க எங்களுக்கு அதுதான் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் உட்கார்ந்து மம்சாபுரம் ஆட்களை எல்லாம் ஒவ்வொருவராகத் தேடி மாற்றினாள்.

இன்னொன்று சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை அடிக்கக் கொடுத்தார்கள். தாளில் ரத்தவகை என்று ஒரு கேள்வி. முக்கால்வாசிப் பேர் அதைக் காலியாகவே விட்டிருந்தார்கள். அக்கா அந்தக் கட்டத்தை மறைத்து, ஓ பாசிட்டிவ் என்று வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஓ பாசிட்டிவ் ஆகிவிட்டார்கள். அந்த ஊர் டாக்டர் ஒருவர் தன் மகளின் அட்டையைப் பார்த்துவிட்டு போனில் கத்தினார். அக்கா அட்டைகளை எல்லாம் திரும்ப வாங்கி, ராத்தூக்கம் இல்லாமல் வேறு அடித்துக் கொடுத்தாள். ஆனால் அவள் பயந்துபோனாளே தவிர, தான் செய்தது தப்பு என்று அவளுக்குப் படவே இல்லை.

"பெரும்பாலும் ஓ பாசிட்டிவ்தான இருக்கும்" என்றாள் என்னிடம்.

"தெரியாதுன்னு போட்டிருக்கலாம்லக்கா."

"தெரியாதுன்னு ஒரு பிள்ளை கழுத்துல எழுதித் தொங்கவிடச் சொல்லுதியா?"

அவள் சொல்கிற முறையில் கேட்டால் அது அன்பு போலவே இருக்கும். இரண்டு எட்டு தள்ளிப்போய் நின்று யோசித்தால் பகீர் என்றிருக்கும்.

அவளைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா? கழுத்தில் ஒரு செயின் இருக்கும், அதன் முனை ரவிக்கைக்குள் இருக்கும். முகம் பார்த்துக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அவள் யாரையும் கேட்காததாலோ என்னவோ, அவளையும் யாரும் கேட்பதில்லை. புரோகிராமுக்குள் போகாமல் பட்டியலை நேராகத் திறந்தால், மறைத்த கட்டங்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் என்று கொஞ்ச நாளில் நான் கண்டுபிடித்திருந்தேன். ஒரு மதியம், அவள் பேங்குக்குப் போயிருந்தபோது, எங்கள் சென்டர் ஆட்களின் பட்டியலைத் திறந்தேன். அக்காவின் வரிசையில் 'திருமணம் ஆனவர்' என்று இருந்தது. ஆஹா என்று நினைத்தேன். கீழே பார்த்தால் எனக்கும் திருமணம் ஆகியிருந்தது. மற்ற இரண்டு பெண்களுக்கும் ஆகியிருந்தது. கூட்டிப் பெருக்க வருகிற, தலை நரைத்து, மூன்று பேரன் எடுத்த, புருஷன் போய்ப் பத்து வருடமான ஆச்சிக்கும் திருமணம் ஆனவர் என்றே இருந்தது. ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் பட்டியலை மூடினேன்.

ஏன் இப்படி என்று ஒரே ஒருமுறை அவளாகச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் தயிர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சின்னதுல எங்கம்மா கூட ரேசன் கார்டுக்கு எழுதிக்குடுக்கப் போனேன். எழுதுத ஆளு ஒரு கேள்வி கேட்டாரு. எங்கம்மா பதில் சொல்லாம வரிசையை விட்டு வெளிய வந்துட்டாக. எங்களுக்குக் கார்டே வாங்கல" என்றாள். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அதற்குள் நானும் பழகியிருந்தேன்.

இனி என் கதைக்கு வர வேண்டும். என் அப்பா பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, மதுரைக்குப் போய்விட்டு சாயங்காலம் வருவதாகச் சொல்லி பஸ் ஏறினார். சாயங்காலம் வரவில்லை. வடக்கே எங்கேயோ லாரி ஆபீசில் இருக்கிறார் என்று ஒரு பேச்சு வந்தது. பிறகு அந்தப் பேச்சும் நின்றது. அம்மா பாவாடை தைத்துக் கடைகளுக்குப் போட்டு என்னை வளர்த்தாள். பொட்டும் பூவும் தாலியுமாக, எப்போதும் போலவே இருந்தாள். நாங்கள் இருவரும் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அவர் வருவார் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள், அதைக் கலைக்கக் கூடாது என்று நான் நினைத்தேன். அம்மா என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஆட்களுக்கு ராஜபாளையத்தில் ஒரு உறவின்முறைச் சங்கம் உண்டு. சித்திரையில் அதன் ஆண்டுவிழாவுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் அழைப்பு அட்டை வரும். அதில் இரண்டு வகை. வீட்டுத் தலைவர் இருக்கிற வீட்டுக்கு அவர் பெயரில், மூலையில் மஞ்சள் தடவி, 'தம்பதி சமேதராய் வருகை தந்து' என்று அச்சிட்ட அட்டை. அவர் காலமாகியிருந்தால், மஞ்சளும் அந்த வரியும் இல்லாத வெறும் அட்டை. எங்கள் வீட்டுக்கு இரண்டும் வராது. மஞ்சள் தடவியதை அனுப்பினால் கேலி செய்வதுபோல ஆகும். வெறும் அட்டையை அனுப்பினால், பொட்டு வைத்திருக்கிறவளுக்கு அவர்களே தாலி அறுத்ததுபோல ஆகும். சங்கத்துக் குமாஸ்தா யோசித்து யோசித்து, எங்கள் வீட்டை விட்டுவிட்டே பழகியிருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சங்கம் தன் குடும்பப் பதிவேட்டை எங்கள் சென்டரில் கொடுத்தது. கம்ப்யூட்டர் முகவரிச் சீட்டை அடித்துத் தரும். சீட்டின் மூலையில் ஒன்று அல்லது இரண்டு என்று எண் இருக்கும். ஒன்று வந்தால் மஞ்சள் அட்டையில் ஒட்ட வேண்டும், இரண்டு வந்தால் வெறும் அட்டையில். எங்கள் வீட்டுத் தாள் என் கைக்கே வந்தது. 'குடும்பத் தலைவர் இருக்கிறாரா, காலமானாரா' என்ற இடத்தில் குமாஸ்தா ஒன்றும் எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டு எடுத்ததுபோல ஒரு புள்ளி மட்டும் இருந்தது. நல்லவேளை, திரையில் அந்தக் கேள்வியே இல்லை. பெயர், தெரு, ஊர் தட்டினேன். அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். அந்த நிமிஷம் அக்காவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

சித்திரையில் அட்டை வந்தது. அப்பாவின் பெயருக்கு. மூலையில் மஞ்சள், தம்பதி சமேதராய். சீட்டில் இருந்தது எங்கள் பிரிண்டரின் எழுத்து. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். ஒருமுறை படித்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடி படித்தாள். பிறகு உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி, கண்ணாடி ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தாள். விழா முடிந்த பிறகும் அதை எடுக்கவில்லை. தூசி தட்டி அதே இடத்தில் வைப்பாள். எனக்கோ, ஒரு கம்ப்யூட்டர் போட்ட எண்ணை நம்பி இவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளே என்று இருந்தது.

ஒரு நாள் சென்டரில் சங்கத்துப் பட்டியலை நேராகத் திறந்தேன். தாளில் காலமானார் என்று தெளிவாக எழுதியிருந்த வீடுகளை மட்டும் அக்காவே தேடி இரண்டாக மாற்றியிருந்தாள். காலியாக விட்டிருந்தவர்கள் எல்லோருக்கும் ஒன்று. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதை ஏன்க்கா மறைச்சீங்க?"

"திரையில வச்சா, நீங்க அந்த எடத்துல வந்து நின்னு யோசிப்பீக. ஆளுக்கு ஒண்ணைப் போடுவீக."

"காலியா விட வேண்டியதுதான?"

"காலியா விட்டா சீட்டு அடிக்காது. பாதியில நின்னுரும்."

"அதுக்காக எல்லாருக்கும் ஒண்ணா?"

"ரெண்டுன்னு வச்சா இருக்கவுகளையும் சேத்து நான் கொன்னுருவேன். ஒண்ணுன்னு வச்சா செத்தவுக செத்த நேரம் இருந்துட்டுப் போறாக. யாருக்கு என்ன நட்டம்?"

"எங்கம்மாவுக்கு நட்டம்" என்றேன். அக்கா திரையைப் பார்த்தாள், எங்கள் வீட்டு வரிசையில் அப்பாவின் பெயரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி. உங்க வீட்டுக்கு நான் என்ன போடட்டும்? ஒண்ணா, ரெண்டா?"

அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. யாரையும் கேட்கவே மாட்டாள் என்று அவளைக் குறை சொன்னவள் நான். ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு என்று சொல்ல நான் யார்? "எங்க வீட்டுக்கு அட்டையே வேண்டாம்க்கா" என்றேன். அக்கா ஒன்றை அழித்துவிட்டு மூன்று என்று போட்டாள். மூன்று இருந்தால் சீட்டு அடிக்காமல் தாண்டிப்போகும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். அவ்வளவுதான். அம்மாவுக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த வருடம் தையில் எனக்கு ஒரு வரன் வந்தது. ராஜபாளையத்துக்காரர்கள், எங்கள் சங்கத்து ஆட்கள். மாப்பிள்ளை பேண்டேஜ் கம்பெனியில் குடோன் பார்க்கிறவர். அவருடைய அம்மா வீட்டுக்குள் வந்ததும் கண்ணாடி ஸ்டாண்டைப் பார்த்தார். அட்டையை எடுத்துப் பெயரைப் படித்துவிட்டு, "வடக்க இருக்காகன்னு சொன்னாக" என்றார். அம்மா, "ஆமா மதினி, வர்றது போறது இல்ல" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வைகாசியில் கல்யாணம் என்று பேசினார்கள். தாலித் தட்டைச் சபைக்கு ஏந்திப்போவது பெண்ணின் தாய் என்றும் பேசிக்கொண்டார்கள்.

சித்திரை பிறந்தது. எல்லா வீட்டுக்கும் அட்டை வந்தது, எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பத்திரிகை விஷயமாக வந்தவர், ஸ்டாண்டில் போன வருடத்து அட்டையே இருப்பதைப் பார்த்தார்.

"எங்களுக்கு முந்தாநேத்தே வந்துருச்சே மதினி. உங்களுக்கு வரலையா?"

"வரும்" என்றாள் அம்மா.

"பேரை எடுத்துட்டாகளோ? சங்கத்துல எதுவும் தெரியாம எடுக்க மாட்டாகளே. எதுக்கும் எங்க வீட்டுக்காரரை விட்டு விசாரிக்கச் சொல்லுதேன். கல்யாணத்துல யாரு முன்ன நிக்கணும்னு ஒரு முறை இருக்குல்ல."

அவர் போன பிறகு அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்தாள். ஆனால் மிதிக்கவில்லை.

"ஏட்டி, அந்தச் சீட்டு உங்க ஆபீசுலதான அடிக்கீக?"

"ஆமா."

"நம்ம சீட்டு எங்க?"

"நாந்தாம்மா வேண்டாம்னு சொன்னேன். அதைப் பார்த்துப் பார்த்து அப்பா வருவாருன்னு நீ உக்காந்துருக்கியே, அதான்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"உங்கப்பா எங்கிட்டுருந்துட்டி வருவாக. அவுக போய்ச் சேந்து நாலு வருசமாச்சு."

எனக்குப் புரியவில்லை. எங்கே போய்ச் சேர்ந்தார் என்றே கேட்டேன். அம்மா பொறுமையாகச் சொன்னாள்.

"செத்துட்டாக. நீ ப்ளஸ் டூ பரிச்சை எழுதிட்டு இருந்த. வன்னியம்பட்டி லாரிக்காரரு நாக்பூர்லருந்து வந்து சொன்னாரு. ஆஸ்பத்திரியில கெடந்து, அங்கனயே எரிச்சுட்டாகளாம். யாருட்டயும் சொல்லாதீகன்னு அவரு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன். பாவம், நல்ல மனுசன், சொல்லல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா ஊருக்குத் தெரியும். தெரிஞ்சா நான் பொட்டை அழிக்கணும். அழிச்சுட்டு உன் கல்யாணத்துல நான் எங்க நிப்பேன்? சமையக்கட்டுலயா? ஒத்தையா நின்னு வளத்துட்டு, உன் தாலித் தட்டைத் தொட எனக்குக் கை கிடையாதாக்கும்?" அம்மா துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "அந்த அட்டை வந்த பொறவுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. இருக்காகன்னு சங்கமே சொல்லுது, இனி யாரு என்ன கேப்பாகன்னு இருந்தேன். நீ போயி அதை நிப்பாட்டிட்டு வந்திருக்க."

என் கண் நிறைந்து வருவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "அழுவாத. செவருக்கு அங்கிட்டு ஆளு இருக்கு" என்றாள். அழவில்லை. அப்பாவுக்காக அழுவதா, நாலு வருடம் சத்தமில்லாமல் அழுத இவளுக்காக அழுவதா, இவள் மேல் கோபப்படுவதா என்று ஒரே கலக்கமாக இருந்தது. அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டேன். "நாளைக்கே உங்க ஆபீசுல அந்தப் பிள்ளைட்ட சொல்லி, பழையபடி ஒண்ணைப் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை மற்ற பெண்கள் வருவதற்கு முன்னால் போய்விட்டேன். அக்கா பிரிண்டருக்குத் தாள் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்கு ஒண்ணே போட்டுருங்க."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சங்கத்துப் பட்டியலை நேராகத் திறந்து, எங்கள் வீட்டு வரிசையைத் தேடி, மூன்றின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

"நீயே போடு."

"எப்பவும் நீங்கதானக்கா போடுவீங்க."

"தெரியாதவுகளுக்குத்தான் நான் போடுவேன்" என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. என் முகத்தில் தெரிந்ததா? அல்லது வழக்கம்போல அவளாக ஒன்றை நினைத்துக்கொண்டு, வழக்கம்போல அது சரியாகப் போய்விட்டதா? உட்கார்ந்தேன். அப்பா இறந்துவிட்டார் என்று கேட்ட மறுநாள் காலை, அவர் இருக்கிறார் என்று என் விரலால் அடித்தேன். அக்கா ஒரே ஒரு சீட்டை மட்டும் அடித்து எடுத்து, மஞ்சள் அட்டையில் ஒட்டி, குமிழ் இல்லாமல் விரலால் நீவிவிட்டு, தபாலில் சேர்க்கத் தானே கீழே இறங்கிப் போனாள்.

அட்டை வந்தது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. அம்மா தலை நிறையப் பூவோடு, தாலித் தட்டை ஏந்திக்கொண்டு சபைக்கு நடுவில் நடந்துபோனாள். அக்கா வந்திருந்தாள், எனக்கு அரக்கில் இன்னொரு சேலை கொடுத்தாள். அதற்குப் பிறகு சென்டரை மூடிவிட்டார்கள். அவள் எந்த ஊருக்குப் போனாள் என்று யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவள் நல்லவளா, மற்றவர்கள் வாழ்க்கையில் கை வைத்த திமிர்பிடித்தவளா என்று கேட்டால், நான் இரண்டு பதிலையும் மாற்றி மாற்றிச் சொல்வேன். இரண்டிலும் பாதியில் நின்றுவிடுவேன்.

ஆனால் அந்தச் சீட்டு அடித்த நாளை மட்டும் நினைத்தால் அவள் மேல் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தபாலைப் போட்டுவிட்டு வந்தவள், ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த கட்டுத் தாளை என் முன்னால் வைத்தாள். நாள் முழுக்கத் தட்டினேன். வீட்டில் அழ முடியாது, பஸ்ஸில் அழ முடியாது. என்னட்டி ஆச்சு என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அந்த ஏசி ரூமில் கதவைச் சாத்திவிட்டு என் அப்பாவுக்காக அழுது தீர்த்திருப்பேன். மற்ற இருவரும் கிளம்பிப் போனார்கள். அக்கா ஒவ்வொரு கம்ப்யூட்டராக நிறுத்தி, உறை போட்டு மூடினாள். நான் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு, அவள் கேட்பாள் என்று உட்கார்ந்திருந்தேன்.